பைன் விதையும் சவுக்கு விதையும்: வன்னியில் பொன்சாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில், பலகை மேசை ஒன்றின் மேல் இருபதுக்கு மேற்பட்ட பொன்சாய்கள், அதாவது சட்டியில் குட்டையாகப் பேணும் மரங்கள், இருக்கின்றன. எல்லாம் விதையிலிருந்து வந்தவை. படலையைத் திறந்து உள்ளே வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் மறுமொழிகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வன்னி வெயிலில் பைன் பொன்சாய் வளருமா?

எந்தப் பைன் என்று முதலில் பார்க்க வேண்டும். பொருக்கு வெடித்த தடித்த தண்டு, கரும்பச்சை ஊசிகள், ஒரு பக்கம் சாய்ந்த கிளை என்று படங்களில் நாம் ஆசையோடு பார்ப்பது பெரும்பாலும் யப்பானியக் கரும்பைன். அது குளிர்காலம் உள்ள நாட்டு மரம். குளிரில் ஓய்ந்து கிடந்து, இளவேனிலில் மெழுகுதிரி போன்ற குருத்துகளை நீட்டும். அந்த ஓய்வு அதன் இயல்போடு கலந்தது. மார்கழி, தை மாதத்து விடியலில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்தாலும், கரும்பைனுக்கு அது குளிரே அல்ல. முளைக்கும், சில வருடம் நிற்கவும் கூடும். ஆனால் ஆண்டு முழுக்க வெப்பத்தில் வைத்து அதைப் பலமான மரமாகப் பேணுவது மிகக் கடினம்.

மலையகத்தில் பைனஸ் என்று சொல்லும் காடுகளில் அதிகம் நட்டிருப்பது கரிபியன் பைன். அதன் பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் கரிபியன் தீவுகளும். அதற்குக் குளிர்காலம் தேவையில்லை, தாழ்நில வெப்பத்தையும் தாங்கும். சிக்கல் ஊசியில்தான். ஒரு சாண் நீளமான ஊசியை ஒரு சாண் உயர மரத்தில் வைத்தால் மரம் கண்ணுக்குத் தெரியாது, ஊசிதான் தெரியும்.

என் மனதை மாற்றியது வேறொன்று. கரும்பைன் யப்பானில் கடற்கரை மரம். உப்புக் காற்றையும் பறக்கும் மணலையும் மறிக்க நூற்றாண்டுகளாகக் கரையோரம் நட்டுவந்திருக்கிறார்கள். ரிக்குசென்தகாத்தா என்ற ஊரின் கரையில் அப்படி ஏறக்குறைய 70,000 பைன் மரங்கள் நின்றன. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவற்றில் ஒன்றே ஒன்று எஞ்சியது. 2004 மார்கழி 26ஐக் கண்ட முல்லைத்தீவுக் கரைக்கு அந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கரும்பைன் அங்கே செய்யும் வேலையை நம் கரையில் செய்வது சவுக்கு. அதே காற்று, அதே உப்பு, அதே சாய்வு. ஆகவே பைனில் கற்ற கைவேலையைச் சவுக்கில் செய்யுங்கள் என்பதுதான் என் மறுமொழி. கீழே வருவதில் பெரும்பகுதி சவுக்கைப் பற்றியது. பைனைத்தான் வளர்ப்பேன் என்று நிற்பவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

சவுக்கும் பைனும் ஒண்டுதானே?

இல்லை. பார்வைக்குத்தான் உறவு. பைன் பூக்காத கூம்புத் தாவரம். சவுக்கு பூத்துக் காய்க்கும் மரம். சவுக்கில் ஊசி என்று நாம் நினைப்பது இலையே அல்ல, பச்சையான மெல்லிய சிறுகிளை. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி நிற்கும் கண்ணுக்கு எட்டாத சிறு செதில்கள்தான் உண்மையான இலைகள். கூம்பு போன்ற அந்தச் சிறு உருண்டைகள் காய்கள்.

வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிய வாய்ப்பு. பைன் ஊசியைக் குட்டையாக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும். சவுக்கின் சிறுகிளையை நுனியில் கிள்ளிவிட்டாலே அடர்த்தி வரும். தாய்வானிலும் இந்தோனேசியாவின் மதுரா தீவிலும் சவுக்குப் பொன்சாய் மதிப்போடு வளர்க்கப்படுகிறது. மாற்றுக்கு வந்த மரமாக அங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஏன் விதையிலிருந்து தொடங்க வேணும்? காட்டில் குறண்டிப்போன வயதான மரத்தைக் கிண்டி எடுத்தால் பத்து வருடம் மிச்சம்தானே?

யப்பானில் மலையிலிருந்து மரம் எடுக்கும் பழக்கம் இருந்தது உண்மை. வன்னியில் அதைச் செய்யாதீர்கள். ஒதுக்குக் காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம் நிலத்துக்குள் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உள்ளன. மண்வெட்டியோடு பற்றைக்குள் இறங்கி வேர் தேடுவது இங்கே பொழுதுபோக்கு அல்ல. வாசிக்கிறவர்களில் யாராவது ஒருவர் இந்த எண்ணத்தை விட்டாலும் எனக்குப் போதும்.

விதைக்கென்று சொந்த நன்மையும் உண்டு. பொன்சாயில் முதலில் பார்ப்பது அடிவேர். தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். கிண்டி எடுத்த மரத்தில் வேர் எப்படி வந்ததோ அப்படித்தான். விதையில் வந்த மரத்தில் அதை ஆறாவது கிழமையிலேயே நீங்கள் தீர்மானிக்கலாம். தண்டின் முதல் வளைவும் அப்படியே.

சவுக்கு விதையை எப்படி எடுப்பது?

காய் பச்சையிலிருந்து மண்ணிறத்துக்குத் திரும்பும் நேரத்தில், வெடிக்குமுன் பறியுங்கள். நிலத்தில் கிடக்கும் வெடித்த காய்கள் வெறும் கூடு. பறித்ததைக் கடதாசிப் பையில் போட்டுக் காற்றில்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் வாய் திறந்து விதை உதிரும். ஒவ்வொன்றுக்கும் சின்னச் சிறகு உண்டு. ஒரு கிராமில் பல நூறு விதை இருக்கும். மூச்சுவிட்டால் பறக்கும், ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

எடுத்த விதையை உடனே விதைப்பதே நல்லது. மேசையில் வைத்தால் சில மாதங்களில் முளைப்புத்திறன் போய்விடும். வைக்கவேண்டி வந்தால் நன்றாக உலர்த்தி, மூடி இறுகிய போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாதிக்கு மேல் முளைக்கவில்லையென்றாலும் உங்கள் பிழையல்ல, உள்ளீடற்ற விதை சவுக்கில் நிறைய.

எந்த மரத்தில் எடுப்பது என்பதும் முக்கியம். கணு நெருக்கமாக, குட்டையான சிறுகிளை விடும் மரம் ஒவ்வொரு தோப்பிலும் ஒன்றிரண்டு நிற்கும். கடலைப் பார்த்த முதல் வரிசையில் தேடுங்கள். காற்றால் குட்டையானதா, பிறப்பிலேயே குட்டையா என்று பார்த்தவுடன் தெரியாது. இரண்டு மூன்று மரத்தில் எடுத்துத் தனித்தனியே விதைத்தால் ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

எப்போது, எப்படி விதைப்பது?

தை கடைசியில். மாரி மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வைகாசியில் சோளகக் காற்று எழும்ப முன் நாற்றுக்கு மூன்று, நான்கு மாதம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து நான் இரண்டு வருடம் இழந்தேன். ஒரு இரவு மழையில் விதை முழுக்கத் தட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மற்ற வருடம் ஈரம் காயாமல் முளைகள் அடியில் அழுகிச் சாய்ந்தன.

அகலமான, ஆழமில்லாத தட்டு எடுங்கள். பெயின்ட் வாளியை நான்கு விரல் உயரத்தில் வெட்டினாலும் சரி. அடியில் துளைகள். கீழே ஓட்டு நொருக்கு, மேலே கழுவிய குருமணலும் அரித்த தும்புச்சோறும் சரிபாதி. தும்புச்சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைக் கழற்றுங்கள். தட்டை முதலில் நனைத்துவிட்டு, விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். கலக்காமல் தூவினால் ஒரே இடத்தில் கொட்டுப்படும். மேலே மணல் ஒரு பூச்சு அளவுக்குத்தான். ஆழப் புதைத்தால் முளைக்காது. தண்ணீரை மேலிருந்து ஊற்றவே கூடாது. தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, கீழிருந்து ஊற விடுங்கள்.

இனி எறும்பு. சவுக்கு நாற்று மேடை போட்ட எவரும் இதைத்தான் முதலில் சொல்வார். எறும்பு விதையை ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போகும். விதை முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்பவர்கள் பலர், தட்டில் விதையே இல்லாததைப் பார்ப்பதில்லை. தட்டை நான்கு சிரட்டையில் தண்ணீர் விட்டு அதன் நடுவே கல் வைத்து, கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். மேலே நுளம்புவலைத் துண்டு கட்டுங்கள். எறும்பு மருந்து தூவ வேண்டிய தேவையே வராது.

ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் முளை தெரியும். இரண்டு சின்ன வித்திலை, பிறகு நடுவில் முதல் ஊசி. அந்த நாட்களில் காலை வெயில் போதும், மத்தியானத்தில் நிழல்வலை வேண்டும். காற்றோட்டத்தை மறிக்காதீர்கள். நாற்றழுகலுக்கு மிகப் பெரிய மருந்து காற்றுத்தான்.

ஆறாவது கிழமையில் என்ன செய்ய வேணும் என்கிறீர்கள்?

நாற்று சுட்டுவிரல் நீளம் வந்ததும் ஈர மண்ணோடு கிளப்பி எடுங்கள். நடுவில் ஆணிவேர் நேரே இறங்கியிருக்கும். கூரிய பிளேட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கை விட்டு மற்றதை வெட்டுங்கள். மிஞ்சிய பக்க வேர்களை விசிறி போல விரித்து, யோக்கட் கோப்பை ஒன்றில் மண்மேட்டின் மேல் உட்காரவைத்து மூடுங்கள். பத்து நாள் முழு நிழல். நூறு நாற்றில் இருபது போகும். கவலை வேண்டாம், அதற்காகத்தான் நிறைய விதைக்கச் சொன்னேன்.

பைனில் இதைவிடத் துணிவான முறை உண்டு. முளைத்த ஒன்றரை, இரண்டு மாத நாற்றை வேரே இல்லாமல் தண்டோடு வெட்டி, வேர்விடத் தூண்டும் வேரூக்கி மருந்தில் தொட்டு மறுபடி ஊன்றுகிறார்கள். வெட்டிய வட்டம் முழுக்கப் புது வேர் வரும். பைனில் அது நன்றாக வேலை செய்கிறது. சவுக்குக்கு ஆணிவேர் வெட்டே போதும்.

இந்தக் கட்டத்தில் தாய் மரத்தடி மண் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். சவுக்கு வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுக் கட்டி, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். புது மண்ணில் அது இல்லாமல் இருக்கலாம். முடிச்சு வந்த நாற்று மஞ்சள் தட்டாது. பைனுக்கும் இதே மாதிரி ஒரு கூட்டாளி உண்டு. அது வேரைச் சுற்றி வெள்ளை நூலாகப் படரும் பூஞ்சணம். சட்டி மாற்றும்போது அதை நோய் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள்.

சட்டி மண்ணுக்கு யப்பானிலிருந்து அக்கடாமா வாங்க வேணுமா?

வேண்டாம். அக்கடாமா சுட்ட களிமண் போல மணியான எரிமலை மண். அதன் வேலை தண்ணீரைப் பிடித்துக்கொண்டே காற்றையும் விடுவது. உடைந்த ஓட்டை நொருக்கி அரிதட்டில் அரித்து, பயறு முதல் கடலை வரை பருமனுள்ளதை எடுத்தால் அந்த வேலை நடக்கும். ஓட்டு நொருக்கு இரண்டு பங்கு, கிறவல் மணி ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. தூளை முழுக்க அரித்துத் தள்ளுங்கள், சட்டியை அடைப்பது அதுதான். வீட்டுச் செம்மண்ணை மட்டும் போட்டால் கோடையில் கல், மாரியில் சேறு.

தண்டு எப்போது தடிக்கும்? என் செடி மூன்று வருடமாகப் பென்சில் மாதிரியே நிற்கிறது.

சின்னச் சட்டியில் வைத்திருப்பீர்கள். சட்டிக்குள் தண்டு தடிக்காது. இது பலருக்கு மனம் ஒப்பாத உண்மை. முதல் வருடம் கோப்பையில் தண்டுக்கு வளைவு கொடுத்துவிட்டு, இரண்டாம் வருட மாரி தொடங்கும்போது நிலத்தில் இறக்குங்கள். வேர் கீழே போகாமல் அடியில் ஒரு ஓட்டுத் துண்டையோ தட்டைக் கல்லையோ வையுங்கள். பிறகு இரண்டு, மூன்று வருடம் மேலே வெட்டாமல் ஓடவிடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் போகட்டும். உச்சி ஓடினால்தான் அடி தடிக்கும். பிறகு ஒரு சாணில் வெட்டினால் அடி அகன்று மேலே ஒடுங்கிய தண்டு கிடைக்கும். வெட்டுக்குக் கீழே பச்சை உள்ள ஒரு கிளையாவது இருக்க வேண்டும். அதுதான் புது உச்சி. பைனிலும் இதே விதி, அதில் இன்னும் கடுமை: ஊசி ஒன்றும் மிஞ்சாமல் கிளையை வெட்டினால் அந்தக் கிளை செத்துவிடும்.

வளைவுக்குக் கம்பி: பழைய வீட்டு வயரின் உறையை உரித்து எடுத்த செப்புக்கம்பி நல்லது. உறையோடு எரிக்காதீர்கள், புகை நஞ்சு. உரித்த கம்பியைத் தணலில் சிவக்கவிட்டு ஆறவைத்தால் இளகும். சவுக்கு விரைவாகத் தடிக்கிற மரம், கிழமைக்கு ஒருமுறை கம்பியைப் பாருங்கள். தோலில் புதையத் தொடங்கினால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், திருப்பிச் சுற்றி எடுக்க வெளிக்கிட்டால் கிளை முறியும்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர்?

மாரியில் மழை பார்த்துக்கொள்ளும். சித்திரை முதல் புரட்டாதி வரை காலை, மாலை இரண்டு தரம். சோளகம் வீசும் நாளில் மத்தியானமும் ஒருக்கால் பாருங்கள். கடற்கரையில் சவுக்கு வறட்சியில் நிற்கிறதே என்று ஏமாறாதீர்கள். அங்கே அதன் வேர் மணலுக்குள் ஈரத்தைத் தேடிப் போயிருக்கிறது, சட்டிக்குள் போக இடமில்லை. சட்டியில் சவுக்கு மிகவும் தாகமான மரம். காய்ந்தால் உடனே காட்டவும் மாட்டாது. பச்சையாகவே இருக்கும், தொட்டால் பொலபொலவென்று கழரும். அப்போது நேரம் கடந்திருக்கும்.

கிணற்றுத் தண்ணீரையும் பாருங்கள். கேத்தலில் வெள்ளை படிந்தால் அது சுண்ணாம்பு. சவுக்கு அதைப் பெருமளவு தாங்கும். பைன் காலப்போக்கில் மஞ்சளாகும். பீப்பா ஒன்றில் மழைநீர் பிடித்துவைத்தால் பைனுக்குக் கொடுக்கலாம்.

கனடாவில் இருக்கும் மச்சான் கரும்பைன் விதை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அனுமதி இல்லாமல் பொதிக்குள் ஒளித்து வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நம் பயிருக்குள் நுழையாமல் காக்கத்தான். வயலை நம்பி வாழும் இடத்தில் இதை நான் அற்ப விசயமாக நினைக்கவில்லை.

முறைப்படி வந்தால், விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். மிதப்பதைத் தள்ளி, தாழ்வதை எடுங்கள். ஈரமான மணலோடு பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்று முதல் இரண்டு மாதம் வையுங்கள். உறைபனி அறையில் அல்ல. அந்தக் குளிர் விதையை எழுப்பும். பிறகு தையில் விரல்நுனி ஆழத்தில் ஊன்றலாம். முளைக்கும்போது விதையின் தோலைத் தலையில் தொப்பி போலச் சுமந்துகொண்டு வரும், அதைக் கையால் கழற்றாதீர்கள். உள்ளேயிருந்து பல ஊசிகள் ஒரு குடை மாதிரி விரியும். எத்தனை செடியில் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. கரிபியன் பைன் விதைக்குக் குளிர் தேவையில்லை, ஊறவைத்தால் போதும்.

கரும்பைனில் வருடக் குருத்தைக் கோடை தொடக்கத்தில் முழுக்க வெட்டி, இரண்டாவது தரம் குட்டை ஊசி வரவைக்கும் வேலையைப் பற்றியும் கேட்கிறார்கள். அது வளர்ந்த, பலமான மரத்துக்கு உரியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட நாற்றில் செய்யாதீர்கள். பலமிழந்த மரத்தில் எந்த வயதிலும் செய்யாதீர்கள்.

உரம்?

நிலத்தில் நிற்கும்போது மக்கிய மாட்டெரு. சட்டியில் மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், தேத்தண்ணீர் நிறத்துக்கு ஐதாக. சட்டி மாற்றிய ஒரு மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

இல்லை. விருந்தாளி வரும் நாளில் ஒரு பொழுது வைக்கலாம். மறுநாள் வெயிலுக்குப் போக வேண்டும்.

அம்மா சொல்கிறா, இது மரத்தை வதைக்கிற வேலையாம். உண்மையா?

அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பட்டினி போட்டால் மரம் சாகும், குட்டையாகாது. சட்டி மரத்துக்கு நிலத்து மரத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீரும் உரமும் கவனிப்பும் போகிறது. கத்தரிப்பதும் வேர் வெட்டுவதும் உண்டு, அவை மரம் தாங்கும் காலத்தில் தாங்கும் அளவுக்கு. முருங்கையைக் கவாத்துப் பண்ணுகிறோம், பூவரசம் வேலியை வருடாவருடம் வெட்டுகிறோம். அதே கைதான்.

கிரோசிமாவில் யமாக்கி என்ற குடும்பத்திடம் ஒரு யப்பானிய வெண்பைன் இருந்தது. 1625 முதல் சட்டியில் பேணப்பட்டது. 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டு வெடித்தபோது, அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றரில் தோட்டத்து மதிலுக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் மசாரு யமாக்கி அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்று வோசிங்டனில் நிற்கிறது. குண்டில் தப்பிய மரம் என்பதே அங்கே 2001இல் அவருடைய பேரப்பிள்ளைகள் பார்க்க வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. வதைத்த மரம் அத்தனை தலைமுறை நிற்காது. இந்தக் கதையை நான் முதலில் சொன்னது என் அம்மாவுக்குத்தான். 2008இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கிணற்றடி எலுமிச்சைக்குக் கடைசியாக இரண்டு வாளி ஊற்றிவிட்டு வந்தவ அவ. கேட்டுவிட்டு, அந்தப் பைனுக்கு அண்டைக்குப் பின்னேரம் ஆர் தண்ணி ஊத்தியிருப்பினம் என்று கேட்டா. எனக்கு மறுமொழி தெரியவில்லை.

எனக்கு அறுபத்திரண்டு வயது. இனித் தொடங்கலாமா?

சவுக்கு என்றால் தாராளமாக. ஆறு, ஏழு வருடத்தில் சட்டியில் மரம் என்று சொல்லத்தக்க ஒன்று கையில் இருக்கும். பைனில் அதைப்போல இரண்டு மடங்கு. காத்திருப்பது கடினமென்றால் கூடவே புளியும் விதையுங்கள். சமையலறையில் கழிக்கும் புளியங்கொட்டையை ஒரு இரவு ஊறவைத்தால் போதும், இலையும் இயல்பாகவே சிறியது. பாலை மரம் விதைக்கும் ஆசை உள்ளவர்கள் பேரப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதையுங்கள், அது அவ்வளவு மெதுவான மரம்.

இரண்டு கிழமை ஊரில் இல்லையென்றால் சட்டிகளை என்ன செய்வது?

மாமரத்து நிழலில் பள்ளம் வெட்டி, சட்டிகளை விளிம்பு வரை மணலில் புதைத்துவிட்டு மணலையும் சேர்த்து நனையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து மணலுக்குத் தண்ணீர் விட அயல்வீட்டில் சொல்லிவையுங்கள். சட்டி ஒவ்வொன்றையும் பார்க்கச் சொன்னால் ஏதாவது ஒன்று விடுபடும், மணலை நனை என்றால் யாருக்கும் விளங்கும். திரும்பி வந்ததும் நேரே வெயிலுக்குத் தூக்காதீர்கள். மூன்று நாள் அங்கேயே இருக்கட்டும்.